ஜெயபாய் அம்மாள் நினைவு கிராபிக்ஸ் கார்டு

ஆபேல் தேவகிருபை பொறியியல் கல்லூரியில் கரண்டு போனால்தான் இறந்தவர்களுக்கு மரியாதை. ஏனென்றால் அங்கே ஓடுகிற ஒவ்வொரு மின்விசிறியின் இறக்கையிலும் ஒரு பெயர் எழுதியிருக்கும். இன்னார் நினைவாக இன்னார் உபயம். விசிறி சுற்றும்போது அது வெறும் வெள்ளை வட்டம். கரண்டு போய், இறக்கைகள் ஆடி அடங்கி நிற்கும்போதுதான் தாத்தாவும் பெரியம்மாவும் வெளியே தெரிவார்கள். உபயம் செய்த குடும்பத்தார் கல்லூரிக்கு வந்தால் முதல் வேலையாகச் சுவிட்சை அணைப்பார்கள். பிள்ளைகள் வேர்த்து ஒழுக ஒழுக, அவர்கள் அண்ணாந்து பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போவார்கள்.

அப்பேர்ப்பட்ட கல்லூரிக்கு இரண்டு கிராபிக்ஸ் கார்டு வந்தது.

கம்ப்யூட்டருக்குள் சொருகுகிற சாமான் அது, செங்கல் பருமன் இருக்கும். விளையாடுகிற பிள்ளைகளுக்குத் துப்பாக்கியும் புகையும் கண்ணுக்கு நிசம்போலத் தெரிய வேண்டுமென்றால் அது வேண்டும். செயற்கை நுண்ணறிவு படிக்கிற பிள்ளைகள், கம்ப்யூட்டருக்கு ஆயிரக்கணக்கில் படம் காட்டிப் பழக்க வேண்டுமென்றாலும் அதுவேதான் வேண்டும். வந்த இரண்டில் ஒன்றுக்கு எட்டு ஜி.பி. நினைவகம். கொள்ளுமிடம் குறைவு, ஆனால் மூன்று குட்டி விசிறியும் ஏழு நிற விளக்கும் உண்டு. மற்றதுக்கு இருபத்துநாலு ஜி.பி. கறுப்பு, நல்ல கனம், மருந்துக்குக்கூட ஒரு மினுக்கம் கிடையாது. முதலாவது விளையாட்டுக்கு, இரண்டாவது படிப்புக்கு என்று அனுப்பிய கடைக்காரன் பெட்டிமேல் பெரிதாக எழுதியே அனுப்பியிருந்தான். பாவம், யாருக்கு அனுப்புகிறோம் என்று அவனுக்குத் தெரியாது.

தாளாளர் டாக்டர் ஜான்ரோஸ் பெட்டிகளைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். அவருடைய டாக்டர் பட்டம் ஏதோ ஒரு தீவிலிருந்து கூரியரில் வந்தது. அதனால் பார்சல் பிரிப்பதில் அவருக்குத் தனி மரியாதை உண்டு. அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“இதுல எது மின்னும்?”

மின்னுகிற கார்டு ‘செயற்கை நுண்ணறிவு உன்னத மையத்’துக்குப் போயிற்று. ஏனென்றால் இன்ஸ்பெக்ஷன் ஆட்களும், பெற்றோரும், சபைப் பெரியவர்களும் வந்து பார்க்கிற இடம் அது. கண்ணாடிப் பெட்டிக்குள் கம்ப்யூட்டரை வைத்து, மேலே ஒரு விளக்கும் போட்டார்கள். கறுப்புக் கார்டு ‘மின் விளையாட்டு அரங்க’த்துக்குப் போயிற்று. அட்மிஷன் குறைந்துபோன வருஷத்தில், பிள்ளை பிடிப்பதற்காகக் கட்டிய ஏசி அறை அது. “வெளையாடுக பயலுவளுக்கு வெளக்கு என்னத்துக்கு?” என்றார் ஜான்ரோஸ். ஞானம் என்றால் இதுதான் ஞானம் என்று சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள்.

மின்னுகிற கார்டுக்கு உபயதாரர் குவைத்தில் இருக்கும் பழைய மாணவர் ஜெஸ்பின். மறைந்த அம்மா ஜெயபாய் நினைவாகக் கொடுத்தது. சுவரில் அம்மாளின் படத்தோடு சலவைக் கல் பதித்தார்கள். அதோடு நின்றிருந்தால் அது வேறு கல்லூரி. கார்டிலே மூன்று விசிறி இருக்கிறதே, சும்மா விட மனசு வருமா? ஒன்றில் ‘ஜெய’, ஒன்றில் ‘பாய்’, ஒன்றில் ‘நினைவாக’ என்று ஸ்டிக்கர் ஒட்டினார்கள். கம்ப்யூட்டர் ஓடினால் பெயர் தெரியாது என்பதால், விருந்தாளி வரும்போதெல்லாம் அதை அணைத்துவிடச் சொல்லி உத்தரவு. விருந்தாளி வராத நாளில் தூசி படியும் என்று அணைத்துவிட உத்தரவு. உன்னத மையம் இப்படி அணைந்து கிடந்தே பேர் வாங்கிற்று.

இந்த மையத்துக்குப் பொறுப்பு உதவிப் பேராசிரியர் பெனிஷ். வாயில்லாப் பூச்சி. நல்ல மனுஷன் என்று ஊரில் சொல்வார்கள். எதிர்த்துப் பேசாதவனுக்கு நம் ஊரில் வேறு என்ன பட்டம் கொடுப்பார்கள்? வருஷா வருஷம் கையெழுத்துப் போட்டுப் புதுப்பிக்கிற வேலை. அதனால் கையெழுத்துப் போடுகிற மாசம் வரைக்கும் தலையாட்டுவார், போட்ட பிறகு அடுத்த வருஷத்துக்காகத் தலையாட்டுவார்.

அவரிடம் ஒருநாள் இறுதியாண்டு மாணவி ஆதிரா வந்து நின்றாள். ஆரல்வாய்மொழிக்காரி. அவளுடைய அப்பா வைகுண்டராஜனுக்கு, காற்றில் மின்சாரம் எடுக்கிற காற்றாடிக் கம்பெனியில் பராமரிப்பு வேலை. கோபுரம்போல நிற்கும் காற்றாடியில் ஏறி, கயிற்றில் தொங்கி, இறக்கையில் விரிசல் விழுந்திருக்கிறதா என்று கண்ணாலும் கையாலும் தடவிப் பார்க்கிற வேலை. போன வருஷம் மேலே வைத்து இரண்டு தடவை அவருக்குத் தலை சுற்றிவிட்டது. கம்பெனிக்குத் தெரிந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று அவர் மூச்சு விடவில்லை. மகளிடம் மட்டும் சொன்னார். மகள் ஒரு வேலை செய்தாள். டிரோன் எடுத்த படங்களைப் பார்த்து விரிசலைக் கண்டுபிடிக்கக் கம்ப்யூட்டரைப் பழக்கலாம் என்று கம்பெனி மேலாளரிடமே போய்ச் சொன்னாள். அவரும் மோசமில்லை. வைகாசிக் காற்று பிடிப்பதற்கு முன்னால் செய்து காட்டினால் அவளுக்கு வேலை, அப்பாவுக்கு இனிமேல் தரையிலேயே வேலை என்று வாக்குக் கொடுத்தார். ஒரே நிபந்தனை, படங்கள் கல்லூரியை விட்டு வெளியே போகக் கூடாது. அதனால், ஆள் நடமாட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துப் பெனிஷ் மையத்தைத் திறந்துவிட, அந்த மின்னுகிற கார்டில் ஓடவிட்டுப் பார்த்தாள்.

“சார், படத்த முழுசாக் குடுத்தா மெமரி போராதுண்ணு நிண்ணு போவுது. சுருக்கிக் குடுத்தா ஓடுது,” என்றாள் ஆதிரா. “ஆனா சுருக்கினா விரிசல் மறைஞ்சி போவுது சார். முடி கனம்தான் இருக்கும் அது.”

பெனிஷுக்கு உடனே புரிந்தது. கறுப்புக் கார்டு இங்கே வர வேண்டும், மின்னுகிற கார்டு அங்கே போக வேண்டும். கார்டுக்கு இரண்டு ஸ்க்ரூ. டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை.

“கார்டு வந்தா எத்தன நாளாவும் பிள்ளே?”

“ரெண்டு நாள் சார். ராப்பகலா ஓடவிட்டா ரெண்டே நாள்.”

“அப்பம் ஒண்ணும் இல்ல. நான் பிரின்சிபால்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு வாறேன்.”

அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமலே இருந்திருக்கலாம். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்ட கதை அது.

முதல்வர் சத்தியராஜ் முழுவதையும் கண்ணை மூடிக் கேட்டார். கண்ணைத் திறந்தபோது அவர் முகத்தில் சந்தோஷம்.

“சுருக்கினா விரிசல் மறைஞ்சிருதுண்ணா சொல்லுதீரு?”

“ஆமா சார்.”

“பின்ன என்ன வேய், நல்ல காரியம்லா? விரிசல் இல்லண்ணு வருது. கம்பெனிக்காரனுக்கும் சந்தோசம், நமக்கும் சந்தோசம். இதப் போயி எதுக்குப் பெருசாக்குதீரு?”

பெனிஷ், விரிசல் மறைவது படத்தில்தான், இறக்கையில் அல்ல என்று விளக்கினார். சத்தியராஜ் அதைச் சின்ன விஷயமாக எடுத்துக்கொண்டார். பிறகு, மாற்றுவது என்றால் இரண்டு காரியம் என்றார். எடுக்கது ஒன்று, வைக்கது ஒன்று. ஒரே கமிட்டி இரண்டையும் செய்தால் ஊழல் என்று பேர் வரும். அதனால் எடுப்புக் கமிட்டி ஒன்றும் வைப்புக் கமிட்டி ஒன்றும் போட்டார். கல்லூரியில் கமிட்டிக்குப் பழகிய ஆட்கள் ஐந்து பேர்தான் இருந்தார்கள். அந்த ஐந்து பேருமே இரண்டிலும் இருந்தார்கள். இரண்டுக்கும் தலைவர் சத்தியராஜ். பெனிஷ் இரண்டிலும் அழைப்பு உறுப்பினர். அழைப்பு உறுப்பினர் என்றால் நாற்காலி எடுத்துப் போடுகிறவர்.

காலையில் எடுப்புக் கமிட்டி கூடும். ஜெபம், பழம்பொரி, டீ. மதியம் வைப்புக் கமிட்டி கூடும். ஜெபம், உளுந்துவடை, டீ. அதே மேசை, அதே ஆட்கள். மதியத்துக்கு மட்டும் சத்தியராஜ் கோட்டை மாற்றிப் போட்டுக்கொண்டு வருவார். காலியிடம் இருக்கிறது என்று வைப்புக் கமிட்டி சான்று கொடுத்தால்தான் கார்டை எடுக்க முடியும் என்று எடுப்புக் கமிட்டி தீர்மானம் போட்டது. கார்டை எடுத்தால்தானே இடம் காலியாகும், எடுக்காத இடத்துக்கு எப்படிச் சான்று கொடுப்பது என்று வைப்புக் கமிட்டி கேட்டது. சத்தியராஜ் காலையில் தனக்கே ஒரு கடிதம் எழுதினார். பதில் வரவில்லை. நினைவூட்டுக் கடிதம் எழுதினார். மூன்றாவது கடிதம் சற்றுக் கடுமையாகப் போய்விட்டது. அதை மதியம் வாங்கிப் படித்தவருக்கு முகம் சிவந்துவிட்டது.

“இப்பிடி ஒரு வார்த்த எழுதலாமா வேய்?” என்று பெனிஷிடமே குறைப்பட்டார். “நானும் ஒரு கமிட்டித் தலைவர்தானே. மரியாதைண்ணு ஒண்ணு வேண்டாமா?”

“எழுதினது நீங்கதானே சார்,” என்றார் பெனிஷ், மெதுவாக.

“அது வேற பதவி.”

இன்னொரு நாள், கணிதப் பேராசிரியர் ஒருவர் சமாதானத்துக்கு ஒரு வழி சொன்னார். எட்டையும் இருபத்துநாலையும் கூட்டிச் சமமாகப் பிரித்தால் ஆளுக்குப் பதினாறு வரும், யாருக்கும் மனத்தாங்கல் இராது என்றார். இதை நடவடிக்கைக் குறிப்பில் ஏற்றிக் கைதட்டினார்கள். கார்டைப் பாதியாகப் பிளக்க முடியாது என்று பெனிஷ் சொன்னபோது, “முடியாதுண்ணு சொல்லுகதுக்கு ஒரு ஆள் எப்பவும் இருக்கணும்ணு பைபிள்ளயே இருக்கு” என்று ஒருவர் சிரித்தார். அப்படி எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. பெனிஷும் கேட்கவில்லை.

ஸ்டோர் பொறுப்பு நேசம்மாள் வேறொரு முட்டுக்கட்டை எடுத்துவந்தார். கறுப்புக் கார்டைக் கால்பந்து, கேரம்போர்டு, ஸ்கிப்பிங் கயிறு இவற்றோடு விளையாட்டுச் சாமானாகப் பதிந்திருந்தார்கள். விளையாட்டுச் சாமானை லேபுக்கு மாற்ற வழியில்லை. தேய்ந்துபோனால் கணக்கிலிருந்து எழுதித் தள்ளத்தான் வழி உண்டு.

“பந்துண்ணா காத்து போச்சுதுண்ணு எழுதலாம் சாரே. இதுல காத்து எங்க இருக்கு, சொல்லும்,” என்றார் நேசம்மாள். “எனக்கு ரிட்டயராவ ஆறு மாசம்தான் கெடக்கு. என்னய வச்சிக் கெணத்துல தள்ளாதியும்.”

ஆதிரா தினமும் மையத்து வாசலில் வந்து நிற்பாள். கேட்க மாட்டாள். பெனிஷின் முகத்தைப் பார்த்துவிட்டுப் போய்விடுவாள். அதற்கு அவள் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். பங்குனி போய்ச் சித்திரை பிறந்துவிட்டது. மலை இடுக்கு வழியாக மதியத்துக்குமேல் லேசாகக் காற்று இறங்கத் தொடங்கியிருந்தது.

கமிட்டியை விட்டுவிட்டு, ஆளையே நேரே பார்த்துக் கேட்டுவிடலாம் என்று பெனிஷ் விளையாட்டு அரங்கத்துக்குப் போனார். அரங்கம் என்று பேர். உள்ளே இருப்பது ஒரே ஆள், தாளாளரின் மகன் ஷிபின். இருபத்திரண்டு வயசு. கெட்ட பையன் என்று சொல்ல முடியாது. எழுந்து நின்று வணக்கம் சொன்னான். ஜூஸ் வேண்டுமா என்று கேட்டான். விளக்கில்லாத கார்டைத் தனக்குக் கொடுத்ததற்கு முதலில் இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தவன்தான். அப்புறம் அதன் ருசி தெரிந்துவிட்டது.

“சார், ஒரு நிமிசம் இங்க பாருங்க,” என்று திரையைக் காட்டினான். ஒரு பெரிய புல்வெளி. அதில் ஒருவன் துப்பாக்கியோடு குப்புறக் கிடந்தான். “புல்லப் பாத்தியளா? ஒவ்வொரு புல்லும் தனித்தனியாத் தெரியுகு. காத்தடிச்சா ஒவ்வொண்ணும் தனியா ஆடும். அந்த மின்னுக கார்டுல போட்டா எல்லாம் ஒரே பச்சையா அப்பிக்கிடும் சார். எனக்க மனசு தாங்காது.”

“தம்பி, ஒரு பிள்ளைக்கி ரெண்டே நாள் வேணும். அவளுக்க அப்பா காத்தாடில ஏறுக ஆளு. விரிசல் பாக்கதுக்கு.”

“அவியளுக்குக் கண்ணு நல்லாத்தானே இருக்கு சார்? ஏறிப் பாத்துக்கிடட்டும்.”

அவன் குத்தலாகச் சொல்லவில்லை. நிசமாகவே அப்படித்தான் நினைத்தான். பெனிஷ் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சன்னல் கண்ணாடிக்கு வெளியே கல்லூரி மைதானத்தில் ஒரு பசு புல் மேய்ந்துகொண்டிருந்தது. அந்தப் புல்லைப் பார்க்க எந்தக் கார்டும் வேண்டாம். ஆனால் அந்தப் பக்கம் திரைச்சீலை முக்கால்வாசி இழுத்துவிட்டிருந்தது. பசுவின் வால் மட்டும் தெரிந்தது. பெனிஷ் ஜூஸைக் குடித்துவிட்டு வெளியே வந்தார். குடித்தோமே என்று வழியெல்லாம் தன்னைத்தானே திட்டிக்கொண்டார்.

அடுத்தது உபயதாரர். கார்டு மாறினால் ஜெயபாய் அம்மாளின் பெயர் விளையாட்டு அறைக்குப் போய்விடுமே என்ற பயங்கரம் திடீரென்று ஜான்ரோஸுக்கு உறைத்தது. அவருடைய அறையில் வைத்துக் குவைத்துக்கு வீடியோவில் அழைத்தார்கள். ஜெஸ்பின் கார் ஓட்டிக்கொண்டே பேசினார்.

“எனக்க அம்ம சீட்டு வெளையாடுகவனுக்க வீட்டுக் கல்யாணத்துக்குக்கூடப் போவமாட்டா. அவளுக்க பேர வெளையாட்டு ரூமில கொண்டு வச்சா எனக்கு ஒறக்கம் வருமா?”

“அது ஸ்டிக்கர்தான் அண்ணே,” என்றார் பெனிஷ். “பைய உரிச்சி எடுத்திரலாம்.”

குவைத்தில் கார் நின்றது. “உரிக்கதா?” என்றார் ஜெஸ்பின். “அம்மைக்க தொலிய உரிக்கேண்ணு சொல்லும்.”

ஜான்ரோஸ் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு பெனிஷைப் பார்த்தார். “ஒரு தாயப் பத்திப் பேசுக பேச்சா தம்பி இது? ஒம்ம கான்ட்ராக்ட் எந்த மாசம் முடியுகு?”

பெனிஷ் சொன்னார். ஜான்ரோஸ் அதைத் தன் மனசில் குறித்துக்கொண்டதுபோலத் தலையை ஆட்டினார்.

அதோடு காரியம் செத்துப்போயிற்று என்றுதான் பெனிஷ் நினைத்தார். ஆனால் நிறுவனம் என்பது நாம் நினைப்பதுபோல் அல்ல. அதற்குச் சாவு கிடையாது, விழாதான் உண்டு. சித்திரை மூன்றாம் வாரம் அறிவிப்புப் பலகையில் காகிதம் ஒட்டினார்கள். இரண்டு கமிட்டிகளும் ஏகமனதாக முடிவு செய்தபடி வருகிற வியாழக்கிழமை மாபெரும் மாற்று விழா. ஸ்தோத்திர ஜெபம், பேண்டு வாத்தியம், மதிய விருந்து. சிறப்பு விருந்தினர் காற்றாடிக் கம்பெனி மேலாளர்.

பெனிஷ் காகிதத்தை இரண்டு தடவை படித்தார். பிறகு வகுப்பு நடுவிலேயே ஆதிராவைக் கூப்பிட்டார். “மக்களே, மாத்துகாங்க. வியாழக்கிழம மாத்துகாங்க. அண்ணைக்கே ஓடவிட்டா சனிக்கிழம ரெடி.” ஆதிரா போனை எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்குக் கீழே போய் அப்பாவிடம் பேசினாள். அவள் சிரித்ததை அன்றைக்குத்தான் பெனிஷ் முதல்தடவையாகக் கேட்டார்.

வியாழக்கிழமை தோவாளைப் பிச்சிப்பூவால் இரண்டு அறை வாசலையும் ஜோடித்திருந்தார்கள். இரண்டு வாசலிலும் மேலே சிவப்பு வெல்வெட் துணி தொங்கியது. பேண்டுக்காரர்கள் முன்னால் போக, ஜான்ரோஸும் சத்தியராஜும் மேலாளரும் சால்வையோடு வந்தார்கள். ஆதிரா பையில் ஹார்டு டிஸ்க்கை வைத்துக்கொண்டு, தயாராக முன்வரிசைக்குப் பக்கத்தில் நின்றாள். பெனிஷின் சட்டைப் பையில் அவருடைய சொந்த ஸ்க்ரூ டிரைவர் இருந்தது. விழா முடிந்ததும் தானே கழற்றி மாட்டிவிடலாம் என்று வீட்டிலிருந்து எடுத்து வந்திருந்தார். வாசலில் நின்ற செக்யூரிட்டி, கூரான ஆயுதம் கூடாது என்று அதை வாங்கி வைத்துக்கொண்டார்.

சத்தியராஜ் முதலில் பேசினார். எடுப்புக் கமிட்டித் தலைவருக்கும் வைப்புக் கமிட்டித் தலைவருக்கும் இடையே இருந்த கசப்பு நீங்கியது ஆண்டவரின் செயல் என்றார். இருவருக்கும் தனித்தனியே சால்வை போட்டார்கள். இரண்டையும் அவரே குனிந்து வாங்கிக்கொண்டார்.

பிறகு ஜான்ரோஸ் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

“கார்ட மாத்தணும்ணு ஒரு தம்பி வந்து கேட்டாரு. நான் ராவெல்லாம் யோசிச்சேன். சாமான மாத்துகதா மாற்றம்? சாமான் இண்ணைக்கு இருக்கும், நாளைக்குப் பழசாவும். நான் இந்தக் கல்லூரிய நடத்த ஆரம்பிச்சி இருவது வருசமாச்சி. எத்தனையோ இன்ஸ்பெக்ஷன் வந்தாச்சி. ஒரு அதிகாரியும் எந்த லேபுக்குள்ளயும் போயி ஒரு மிசினத் தொட்டுப் பாத்ததில்ல. எல்லாரும் பாத்தது போர்ட. போட்டோ எடுத்தது போர்டுக்கு முன்னால. பிள்ளையளச் சேக்க வாறவங்களும் போர்டப் பாத்துத்தான் சேக்காவ. பெறவு நான் எத மாத்தணும்? நீங்களே சொல்லுங்க.”

கைதட்டல். பேண்டு ஒரு தடவை முழங்கியது. இரண்டு வாசலிலும் ஒரே நேரத்தில் வெல்வெட் துணியை இழுத்தார்கள்.

கண்ணாடிப் பெட்டி இருந்த அறைமேல் ‘மின் விளையாட்டு அரங்கம்’ என்று புதுப் பலகை. ஷிபினின் அறைமேல் ‘செயற்கை நுண்ணறிவு உன்னத மையம்’. ஜெயபாய் அம்மாளின் சலவைக் கல்லைச் சுவரோடு பெயர்த்து, புது மையத்துச் சுவரில் பதித்திருந்தார்கள். குவைத்திலிருந்து ஜெஸ்பின் வீடியோவில் பார்த்து அழுதார். அம்ம கல்லு இருக்க எடத்துலதான் இருப்பா என்று அவரைச் சமாதானப்படுத்தியிருந்தார்கள். கார்டு இரண்டும் கிடந்த இடத்திலேயே கிடந்தன.

ஒரு நிமிஷம் பெனிஷுக்கு ஒரு நப்பாசை. பலகை மாறினால் என்ன, கறுப்புக் கார்டு இருக்கிற அறை இப்போது படிப்புக்கான மையம்தானே? ஆதிராவுக்கும் அதே எண்ணம் போலிருக்கிறது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு புது மையத்து வாசலுக்கு ஓடினாள். பெனிஷும் பின்னாலேயே போனார்.

உள்ளே ஷிபின் அதே நாற்காலியில் உட்கார்ந்து அதே புல்வெளியில் கிடந்தான். கழுத்தில் புது அடையாள அட்டை. ‘முதுநிலை ஆராய்ச்சியாளர்.’

“ஏட்டி, நில்லு,” என்றான் அவன், தலையைத் திருப்பாமல். “வெளையாட்டு ரூமா இருந்தப்பம் கேட்டிருந்தாக்கூட விட்டிருப்பேன். இப்பம் இது உன்னத மையம்லா. உன்னத மையத்துக்குள்ள ஸ்டூடண்ட்ஸ் வரப்பிடாதுண்ணு ரூல் உண்டு. சார்தான் எழுதி வச்சாவ.”

உண்மைதான். தூசி படியாமல் இருக்க, மையம் தொடங்கிய வருஷம் சத்தியராஜ் சொல்லச் சொல்லப் பெனிஷ்தான் அந்த விதியைத் தட்டச்சு செய்து ஒட்டினார். பலகையோடு அதையும் பத்திரமாகக் கொண்டுவந்து கதவில் ஒட்டியிருந்தார்கள்.

மேடையிலிருந்து இறங்கிய மேலாளர் அங்கே வந்தார். சால்வை தோளிலேயே இருந்தது. “என்னம்மா, எல்லாம் மாத்திட்டாங்கபோல. புரோகிராம் காட்டுறியா?”

“இன்னும் ஓடல்ல சார்,” என்றாள் ஆதிரா.

“எப்ப ஓடும்?”

ஆதிரா கதவைப் பார்த்தாள். பெனிஷைப் பார்த்தாள். ரெண்டு நாள் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. எந்த இரண்டு நாள் என்று கேட்டால் என்ன சொல்வது? பெனிஷ் வாயைத் திறந்தார். பக்கத்தில் ஜான்ரோஸ் நின்றார். பெனிஷ் வாயை மூடிக்கொண்டார்.

மேலாளர் பெருமூச்சு விட்டார். “காத்து இந்த வாரமே பிடிச்சிரும்னு சொல்றாங்கம்மா. நான் இனிமே பொறுக்க முடியாது.” அங்கேயே நின்று போனில் பேசினார். “ஆமா, ஆளயே ஏத்திருங்க. இன்னிக்கே. வைகுண்டராஜன் இருந்தா அவரையே ஏத்துங்க, அவருக்குத்தான் கை பழக்கம்.”

விருந்து அருமையாக இருந்ததாகப் பலரும் சொன்னார்கள். ஆதிரா சாப்பிடவில்லை. அப்பாவுக்குப் போன் அடித்துக்கொண்டே இருந்தாள். மேலே ஏறுகிறவர்கள் போனைக் கீழே வைத்துவிட்டுத்தான் ஏற வேண்டும். அதுவும் ஒரு விதிதான். விருந்துக்குப் பிறகு கமிட்டிக்காரர்களுக்கு நினைவுப்பரிசு கொடுத்தார்கள். பெனிஷின் பெயரையும் கூப்பிட்டார்கள். “இந்த யோசனைக்கே தகப்பன் இவருதான்” என்று சொல்லி ஜான்ரோஸ் முதுகில் தட்டினார். கண்ணாடிப் பெட்டிக்குள் நீல வெல்வெட்டில் பொன்னிறத்தில் ஒரு ஸ்க்ரூ டிரைவர்.

சாயங்காலம் பெனிஷ் வீட்டுக்குப் போகவில்லை. அவர் வீடு கோட்டாறில். பஸ் எதிர்ப்பக்கம் ஏற வேண்டும். ஆதிரா ஏறிய ஆரல்வாய்மொழி பஸ்ஸில் தானும் ஏறினார். எதற்கு ஏறினோம் என்று அவருக்கே தெரியவில்லை. அவள் சன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். அவர் பின்சீட்டில் உட்கார்ந்து மடியில் அந்தப் பெட்டியை வைத்திருந்தார்.

தோவாளை தாண்டியதும் பஸ்ஸுக்குள் காற்று புகுந்தது. டிக்கெட்டுகள் பறந்தன. கண்டக்டர் சட்டையைப் பிடித்துக்கொண்டார். மலையடிவாரம் முழுக்கக் காற்றாடிகள் சுற்றிக்கொண்டிருந்தன. நடுவில் ஒன்று மட்டும் நின்றிருந்தது. அதன் இறக்கையோரம் கயிற்றில் ஒரு ஆள். எறும்பு அளவுதான் தெரிந்தது.

“அப்பா,” என்றாள் ஆதிரா. யாரிடமும் சொல்லவில்லை.

“அந்தாளு என்ன இந்தக் காத்துல போயி நிக்கான்,” என்றார் பக்கத்தில் கூடை வைத்திருந்த பெண். “கூறுகெட்டவனா இருப்பான்போல.”

பெனிஷுக்கு ஆத்திரம் பொங்கி வந்தது. கமிட்டிமேல், பலகைமேல், பழம்பொரிமேல், குடித்த ஜூஸ்மேல், கதவில் ஒட்டிய காகிதத்தின்மேல், அதைத் தட்டச்சு செய்த தன் பத்து விரல்மேல். பெட்டியை எடுத்து முன்சீட்டுக் கம்பியில் ஓங்கி அடித்தார். கண்ணாடி நொறுங்கியது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கையில் ரத்தம் வர வர, வெல்வெட்டோடு ஒட்டியிருந்த ஸ்க்ரூ டிரைவரைப் பிய்த்து எடுத்தார். அதை வைத்துக்கொண்டு திரும்பிப் போவார், பூட்டை உடைப்பார், கார்டைக் கழற்றுவார், கான்ட்ராக்டாவது மண்ணாங்கட்டியாவது. இப்போதே இறங்குகிறேன் என்று எழுந்தும்விட்டார்.

கையில் அது மிகவும் லேசாக இருந்தது. முனையைப் பார்த்தார். முனை இல்லை. நுனி மொழுமொழுவென்று உருண்டையாக இருந்தது. பிளாஸ்டிக்கில் வார்த்துப் பொன்வண்ணம் பூசியிருந்தார்கள்.

“சார், எறங்கணுமா?” என்று கண்டக்டர் கேட்டார்.

பெனிஷ் பைய உட்கார்ந்தார். ஆதிரா திரும்பிப் பார்க்கவே இல்லை. அவள் சன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அந்த எறும்பு ஆடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அது ஆடிக்கொண்டுதான் இருந்தது.